நாயின் சிறுநீரகமும் ஒரு கடிகாரமும்

பரீட்சை முடிந்து வில்லாபுரம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை கொஞ்சம் விசித்திரமான ஒரு தலைப்பு. நாய்க்கு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, மருந்து ஏற்றி எத்தனையாவது வினாடியில் படம் எடுப்பது என்ற கேள்வியின் வரலாறு! "இதில் என்னடா வரலாறு இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ரோசிக்கு ஸ்கேன் எடுக்கும்வரை.

ரோசி எங்கள் எதிர் வீட்டு அத்தை வளர்க்கும் லேப்ரடார். குட்டியாக வந்த நாளிலிருந்தே அதற்கு ஒரு பிரச்சினை. தூங்கும்போது தானாகச் சிறுநீர் ஒழுகும். படுத்த சாக்கு எப்போதும் ஈரம். வீடெல்லாம் வாடை. "பழக்கம் சரியில்லை" என்று அடித்துப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. எட்டு மாதம் ஆனபோது, "கண்மாய்க் கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரலாம்" என்று மாமா சொல்லிவிட்டார். அத்தைக்கு மனசு இல்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர், "இது பழக்கம் இல்ல தம்பி, பிறவிக் கோளாறா இருக்கலாம். சிறுநீர்க்குழாய் பைக்குள்ள போய்ச் சேராம வேற இடத்துல திறக்குதான்னு பார்க்கணும். சி.டி. எடுத்துட்டு வாங்க" என்றார்.

அத்தை என்னைப் பார்த்து, "ஏப்பா, நாய்க்குமா ஸ்கேன் எடுப்பாக?" என்று கேட்டார்.

எடுக்கிறார்கள். வெளியூர் போய், மயக்க மருந்து கொடுத்து, எடுத்தோம். அத்தையின் சீட்டுப் பணம் அதற்கே சரியாகப் போனது. சிடியைக் கொண்டுவந்து கொடுத்ததும் மருத்துவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "படம் அருமையா இருக்கு. ஆனா சீக்கிரம் எடுத்துட்டாங்க. மருந்து இன்னும் குழாய்க்கே வரல."

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மருந்து "வரவில்லை" என்றால் என்ன? எப்போது வரும்? அதை யார் கண்டுபிடித்தார்கள்? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தெரியாத உறுப்பு

1895ல் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே கிளாஸ்கோவில் ஜான் மாக்கின்டயர் என்ற மருத்துவர் சிறுநீரகக் கல்லை எக்ஸ்ரேயில் படம் பிடித்துவிட்டார். கல் தெரிந்தது. ஆனால் கல் இருந்த சிறுநீரகத்தின் உள்ளமைப்பு தெரியவில்லை. எலும்பும் கல்லும் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும். சிறுநீரகமோ பக்கத்தில் இருக்கும் தசை, குடல் போலவே பெரும்பாலும் தண்ணீர். எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

1906ல் ஃபோல்க்கர், ஃபான் லிக்டன்பெர்க் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். கீழிருந்து, சிறுநீர் வரும் வழியாகவே ஒரு சிறு குழாயை ஏற்றி, வெள்ளி கலந்த திரவத்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். படம் தெரிந்தது. ஆனால் நோயாளிக்கு வலி, ஆபத்து. அதோடு ஒரு குறை. சிறுநீரகம் வேலை செய்கிறதா இல்லையா என்பதை இந்தப் படம் சொல்லாது. காலிக் குடத்தில் நாமே தண்ணீர் ஊற்றிவிட்டுப் பார்ப்பது மாதிரிதான்.

1923ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆஸ்போர்ன், ரவுன்ட்ரீ முதலியோர் வேறொன்றைக் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் பால்வினை நோய்க்கு சோடியம் அயோடைடு கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்த நோயாளிகளை எக்ஸ்ரே எடுத்தால் சிறுநீர்ப்பை வெள்ளையாகத் தெரிந்தது! அயோடின் கனமான அணு, அது எக்ஸ்ரேயைத் தடுக்கிறது, அதைச் சிறுநீரகமே வடிகட்டி வெளியே அனுப்புகிறது. தத்துவம் கிடைத்துவிட்டது. ஆனால் படம் மங்கல், தேவைப்பட்ட அளவோ அதிகம்.

மாட்டு மருந்து

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1920களில் பெர்லின் வேளாண்மைக் கல்லூரியில் ஆர்தர் பின்ஸ், ராத் என்ற இரு வேதியியலாளர்கள் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தயாரித்த அயோடின் கலந்த ஒரு மருந்தின் பெயர் செலக்டான். அது எதற்குப் பயன்பட்டது தெரியுமா? பசு மாட்டின் மடிநோய்க்கு!

1928ல் மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் உதவித்தொகையில் ஜெர்மனி வந்தார். ஹாம்பர்க் அருகே ஆல்டோனாவில் லிக்ட்விட்ஸ் என்ற பேராசிரியர் அந்த மாட்டு மருந்தை மனிதர்களின் தொற்று நோய்க்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்விக் யோசித்தார். இதில் அயோடின் இருக்கிறது, இது சிறுநீரில் வெளியேறுகிறது, அப்படியானால் எக்ஸ்ரேயில் சிறுநீரகம் தெரிய வேண்டுமே? முதலில் ஆய்வு விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் சோதித்தார். தெரிந்தது. பிறகு பெர்லினில் ஃபான் லிக்டன்பெர்க்கின் (ஆமாம், 1906ல் பார்த்த அதே ஆள்தான்) மருத்துவமனைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். மருந்தின் அமைப்பை மாற்றி மாற்றி, கடைசியில் யூரோசெலக்டான் வந்தது. 1929ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது.

பெயர் யாருக்கு என்பதில் பெரிய சண்டை. பேராசிரியருக்கே புகழ் போனது. 1965ல்தான் நியூயார்க் மருத்துவக் கழகம் பதக்கம் கொடுத்து ஸ்விக்கின் பங்கை அங்கீகரித்தது. முப்பத்தாறு வருடம்! கல்லூரியில் புராஜெக்ட் செய்யும் நமக்கு இந்த வலி கொஞ்சம் புரியும்தானே?

மருந்தும் வளர்ந்தது. 1950களில் ஒரு மூலக்கூறில் மூன்று அயோடின் அணுக்கள் உள்ள மருந்துகள் வந்தன. 1960களின் கடைசியில் ஸ்வீடனின் டார்ஸ்டன் ஆல்மென், இந்த மருந்துகள் ரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியான உப்புக் கரைசல் போல நடந்துகொள்வதுதான் வலிக்குக் காரணம் என்று சொன்னார். உப்புத்தன்மை கூடிய கடலில் நீந்தினால் கண் எரிகிறது, குறைந்த கடலில் எரிவதில்லை என்பதிலிருந்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அந்த வழியில் வந்த அயோஹெக்சால் 1980களில் சந்தைக்கு வந்தது. நாய்களுக்கும் இன்று பெரும்பாலும் இந்த வகை மருந்துதான் ஏற்றுகிறார்கள். மாட்டுக்குச் செய்தது மனிதனுக்கு வந்து, அங்கே பக்குவப்பட்டு, மறுபடி கால்நடை மருத்துவத்துக்கே திரும்பியிருக்கிறது.

சுவரில் தொங்கிய கடிகாரம்

யூரோசெலக்டான் வந்த நாளிலேயே கடிகாரமும் எக்ஸ்ரே அறைக்குள் வந்துவிட்டது. ஊசி போட்டவுடன் ஒரு படம், ஐந்து நிமிடத்தில் ஒன்று, பதினைந்து நிமிடத்தில் ஒன்று என்று எடுப்பார்கள். முதலில் சிறுநீரகம் வெளுக்கும், பிறகு குழாய், கடைசியில் பை. இதே முறைதான் நாய்களுக்கும் பல வருடம் பயன்பட்டது. நிமிடக் கணக்கு என்பதால் முன்னே பின்னே ஆனாலும் பெரிய நஷ்டம் இல்லை.

1903 அக்டோபர் 1ல் சென்னை வேப்பேரியில் இருபது மாணவர்களோடு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அன்றைக்குக் கால்நடை மருத்துவம் என்றால் மாடும் குதிரையும்தான். வீட்டு நாய்க்கு ஸ்கேன் என்றால் சிரித்திருப்பார்கள். கல்லூரி தொடங்கி சரியாக 68 வருடம் கழித்து, அதே அக்டோபர் 1ஆம் தேதி, 1971ல், லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் உலகின் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் கருவியைச் செய்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். வேலை பார்த்த இடம் இ.எம்.ஐ., பீட்டில்ஸ் பாடல்களை வெளியிட்ட அதே இசைத்தட்டுக் கம்பெனி. (பீட்டில்ஸ் பணத்தில்தான் சி.டி. பிறந்தது என்று பலரும் எழுதுவார்கள். பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறையும் பெரிய தொகை கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) அவருடைய முதல் சோதனைக் கருவியில் ஒரே ஒரு படத்துக்கு ஒன்பது நாள் ஆனது! காளை மாட்டின் மூளை, பன்றியின் சிறுநீரகப் பகுதி என்று விலங்குகளின் உறுப்புகளை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தார். 1979ல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் படத்தின் வெளுப்பை அவர் பெயரால்தான் அளக்கிறார்கள். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மருந்து ஏற்றாத சிறுநீரகம் 30, 40 என்ற அளவில் இருக்கும். ஏற்றினால் பல மடங்கு ஏறும்.

வேகம் வந்தது, சிக்கலும் வந்தது

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ரோசியின் கதைக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

1980களின் சி.டி. துண்டு துண்டாக எடுக்கும். ஒரு துண்டு எடுத்து, மேஜையை நகர்த்தி, அடுத்த துண்டு. இரண்டு சிறுநீரகங்களையும் முடிக்கச் சில நிமிடம் ஆகிவிடும். மேல் முனையில் தொடங்கும்போது மருந்து ஓர் இடத்தில் இருக்கும், கீழ் முனைக்கு வரும்போது வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஒரே படத்தொகுப்பில் எல்லா நேரமும் கலந்து கிடக்கும். ஆகவே "எந்த வினாடி?" என்று துல்லியமாகக் கேட்கவே வழி இல்லை.

1989ல் வில்லி காலண்டர் குழுவினர் சுருள் சி.டி.யை அறிமுகப்படுத்தினார்கள். குழல் நிற்காமல் சுற்ற, மேஜை நகர்ந்துகொண்டே இருக்கும். 1998ல் ஒரே சுற்றில் நான்கு துண்டுகள் எடுக்கும் கருவிகள் வந்தன. வயிறு முழுவதையும் மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்தில் எடுத்துவிடலாம். அப்போதுதான் சிறுநீரகத்துக்குள் மருந்து போகும் பயணம் தனித்தனிக் கட்டங்களாகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

நம்ம ஊர் உதாரணம் சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் மூன்றுமாவடியில் எதிர்சேவை காண்கிறார், மறுநாள் விடியலில் வைகையில் இறங்குகிறார், பிறகு வண்டியூர் போகிறார். நீங்கள் எவ்வளவு நல்ல கேமரா வைத்திருந்தாலும், அழகர் தல்லாகுளத்தில் இருக்கும்போது ஆற்றுக்குள் நின்று படம் எடுத்தால் என்ன கிடைக்கும்? கூட்டமும் தண்ணீரும்தான். சிறுநீரகத்திலும் அதே கதைதான். மூன்று இடம், மூன்று நேரம்.

முதல் கட்டம், புறணி. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அதனால் மருந்து மிக வேகமாக வந்து, வெளி ஓரம் மட்டும் பளிச்சென்று வெளுக்கும். உள்ளே இருக்கும் அகணி கறுப்பாகவே இருக்கும். ரத்தக் குழாய்களைப் பார்க்க இதுதான் சரியான நேரம்.

இரண்டாம் கட்டம், முழுச் சிறுநீரகம். வடிகட்டப்பட்ட மருந்து உள்ளே இறங்கி, புறணியும் அகணியும் ஒரே வெளுப்பாகும். கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஏற்ற நேரம் இது. 1990களில் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. முதல் கட்டத்தில் மட்டும் எடுத்தால், கறுத்திருக்கும் அகணிக்குள் சின்னக் கட்டிகள் ஒளிந்துகொள்கின்றன. வேகமான கருவி வாங்கியதாலேயே கட்டியைத் தவறவிடும் நிலைமை!

மூன்றாம் கட்டம், வெளியேற்றம். மருந்து சிறுநீரோடு கலந்து குழாய் வழியாகப் பைக்கு இறங்கும். குழாய் எங்கே போய்த் திறக்கிறது என்பது இப்போதுதான் தெரியும்.

மனிதருக்கு முதல் கட்டம் சுமார் 25 முதல் 70 வினாடி, இரண்டாவது ஒன்றரை நிமிடத்தை ஒட்டி, மூன்றாவது மூன்று நிமிடத்துக்கு மேல். நாய்க்கு இதை அப்படியே போட முடியாது. உடல் சின்னது, இதயம் வேகம். முதல் கட்டம் பெரும்பாலும் முதல் அரை நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும். இரண்டாவது ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்ற கணக்கில் வரும். மூன்றாவது மூன்று நிமிடத்துக்குப் பிறகு. இவையெல்லாம் தோராயம்தான். ஏனென்றால் நாய் என்பது ஒரு அளவு இல்லை! மூன்று கிலோ பொமரேனியனும் நாய், முப்பது கிலோ ராஜபாளையமும் நாய். மனித மருத்துவத்தில் இவ்வளவு வித்தியாசமான பெரியவர்கள் கிடையாது. போதாததற்கு, நாய் மேஜையில் அசையாமல் படுக்க மயக்க மருந்து வேண்டும். அது இதயத்தின் ஓட்டத்தையே மாற்றும். ஊசி முன்காலிலா பின்காலிலா, கையால் தள்ளினார்களா மெஷின் தள்ளியதா, எத்தனை வினாடியில் தள்ளினார்கள் என்பதெல்லாம் கணக்கை மாற்றும்.

இதற்கு இரண்டு உபாயங்கள் இருக்கின்றன. ஒன்று, கொஞ்சம் மருந்தை மட்டும் முதலில் ஏற்றி, அது பெருந்தமனிக்கு வர எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு முழு அளவை ஏற்றுவது. இன்னொன்று, பெருந்தமனியின் வெளுப்பைக் கருவியே கண்காணித்து, குறித்த எண்ணைத் தாண்டியதும் ஸ்கேனைத் தொடங்குவது. அதாவது புத்தகத்தில் இருக்கும் வினாடியை நம்பாமல், அந்த நாயின் இதயத்தையே கடிகாரமாக வைத்துக்கொள்வது.

ஆனால் இவை முதல் கட்டத்தைப் பிடிக்கத்தான் மிகவும் உதவும். மூன்றாம் கட்டத்துக்குப் பொறுமைதான் வழி. சிறுநீர்க்குழாய் எப்போதும் நிரம்பி இருக்காது. சுருங்கிச் சுருங்கி, சொட்டுச் சொட்டாகத் தள்ளும். ஒரு நொடியில் தெரிந்த பகுதி அடுத்த நொடியில் காணாமல் போகும். அதனால் சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுத்தால்தான் குழாயின் முழுப் பாதையும் தெரியும். அதற்காக எல்லா நாய்க்கும் பத்துமுறை எடுக்கவும் முடியாது. கதிர்வீச்சு இருக்கிறது, மயக்க நேரம் நீளும். ஆகவே மருத்துவர் என்ன தேடுகிறார் என்பதை வைத்துத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

மறுபடி ரோசி

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ரோசிக்கு முதல்முறை எடுத்த படத்தில் புறணி பளபளவென்று இருந்தது. கருவி நல்ல கருவி, மருந்து நல்ல மருந்து. ஆனால் குழாயைப் பார்க்க வேண்டியவர்கள் முதல் ஒரு நிமிடத்தோடு ஸ்கேனை முடித்துவிட்டார்கள். தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் "சிறுநீர்க்குழாய் திறக்கும் இடம்" என்று தெளிவாக இருந்தது. நாங்கள் அந்தச் சீட்டை வீட்டில் விட்டுவிட்டு, "கிட்னி ஸ்கேன்" என்று வாயால் சொல்லி எடுத்துக்கொண்டு வந்தோம். நான்தான் சொன்னேன். அத்தைக்கு இன்னும் அது தெரியாது.

இரண்டாவது முறை போகப் பணம் இல்லை. மாமா மறுபடி கண்மாய்ப் பேச்சை எடுத்தார். அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. மூன்றாம் நிமிடத்திலிருந்து மூன்று தடவை எடுத்தார்கள். இடது குழாய் பையைத் தொட்டுக்கொண்டு, உள்ளே திறக்காமல் தாண்டிக் கீழே போவது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி போன்ற இனங்களில், அதிலும் பெண் நாய்களில், இந்தக் கோளாறு அதிகம் என்று மருத்துவர் சொன்னார். ஆபரேஷன் ஆனது. ஒழுகல் முழுவதும் நிற்கவில்லை, எப்போதாவது இரவில் சாக்கு நனைகிறது. ஆனால் ரோசி இப்போது வீட்டுக்குள் படுக்கிறது. மாமாதான் சாக்கை மாற்றுகிறார்!

இந்தச் சிறு விஷயத்துக்குப் பின்னால் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன். மாட்டு மருந்து செய்த வேதியியலாளர், பெயர் கிடைக்க முப்பத்தாறு வருடம் காத்திருந்த ஸ்விக், காளையின் மூளையை வைத்துச் சோதித்த ஹவுன்ஸ்ஃபீல்ட். நூறு வருட உழைப்பு மேஜைக்கு வந்து நிற்கிறது. ஒரு சீட்டை மறந்ததால் அது எட்டு மாத நாய்க்கு உதவாமல் போகப் பார்த்தது.

உங்கள் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ இப்படி ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், மருத்துவர் எழுதிய சீட்டைக் கையில் கொண்டு போங்கள். என்ன தேடுகிறார்கள் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் காட்டுங்கள். உடம்பில் நீர் வற்றிய நிலையில் இந்த மருந்தை ஏற்றினால் சிறுநீரகத்துக்கே கெடுதல் வரலாம் என்பதால், ரத்தப் பரிசோதனையையும் தண்ணீர், பட்டினி விஷயத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவம் படிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், தவறு இருப்பின் திருத்துங்கள்.